பல்லாங்குழி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகையை நடுவில் வைத்துப் பத்து நிமிடத்தில் சண்டை வருகிறதென்றால், உட்கார்ந்திருக்கும் இருவரும் வேறு வேறு வீட்டு விதியோடு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பென்னாகரத்து ஆயா சொல்லிக்கொடுத்ததும் தேன்கனிக்கோட்டை அவ்வா சொல்லிக்கொடுத்ததும் ஒன்றாக இருக்காது. இரண்டும் சரிதான். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் கலப்பதுதான் தப்பு. விடுமுறை நாள்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். கேள்வி எண்ணைக் குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கும் இடங்களில் அந்தக் கேள்வியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பலகை வாங்கியே ஆகணுங்களா? வேற எதுல ஆடலாம்?

வேண்டியது வரிசைக்கு 7 வீதம் இரண்டு வரிசையில் 14 குழி, அவ்வளவுதான். மண்தரையில் குதிகாலை ஊன்றிச் சுழற்றினால் ஒரு குழி ஆகிவிடும். நான்கு விரல் அகலம், இரண்டு விரல் ஆழம் போதும். குழிக்கும் குழிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடாவிட்டால் ஆட ஆடக் கரை இடிந்து இரண்டு குழி ஒன்றாகிவிடும். சாணம் மெழுகி ஒரு நாள் காயவிட்டால் நன்றாக நிற்கும். சிமெண்டுத் தரை என்றால் சாக்பீஸ் வட்டமே போதும்.

முட்டை அட்டையில் ஆடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 30 முட்டை அட்டையில் 5-க்கு 6 என்றுதான் குழி இருக்கும், 7 வராது. இரண்டு அட்டையை வெட்டி ஒட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு காய் சேர்ந்ததும் வழியும். பழகுவதற்கு மட்டும் சரி.

கடையில் வாங்குவதானால் ஒரு குழியில் 15 புளியங்கொட்டையைப் போட்டுப் பாருங்கள். வழிந்தால் அந்தப் பலகை ஷோகேஸில் வைக்கத்தான் ஆகும். மடக்குப் பலகையில் கீல் இருக்கும் இடத்து இடுக்கையும் பாருங்கள், காய் காணாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

2. புளியங்கொட்டை போதுமா, சோழிதான் வேணுமா?

நம் இரண்டு மாவட்டத்திலும் புளிக்கும் கொட்டைக்கும் குறைவில்லை. தை பிறந்து புளி உடைக்கும் வேலை தொடங்கியதும் ஒரு படி கொட்டை சும்மாவே கிடைக்கும். ஆட்டத்துக்கும் புளியங்கொட்டையே நல்லது. தட்டையாக இருப்பதால் உருளாது, கைக்குள் எண்ணும்போது நழுவாது. சோழி அழகுதான், ஆனால் ஆறேழு சேர்ந்ததும் சின்னப் பிள்ளைகள் கைக்கு அடங்காது.

ஒட்டியிருக்கும் சதை போகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒரே அளவுள்ளதாகப் பொறுக்குங்கள். சதை இருந்தால் இரண்டு காய் ஒட்டிக்கொண்டு விழும், கணக்கு கெடும். அப்படியே டப்பாவில் போட்டு வைத்தால் வண்டு துளைக்கும். வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ரொம்ப வறுத்தால் தோல் உரிந்து உடையும்.

மஞ்சாடி, கழற்சி, கூழாங்கல் எல்லாம் ஆகும். குன்றிமணி மட்டும் வேண்டாம். அதன் பருப்பு கடும் விஷம், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாயில் எதையும் போடும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தக் காயையும் சிதற விடக்கூடாது, தொண்டையில் அடைக்கும்.

3. ஒரு குழிக்கு எத்தனை காய்? எங்க வீட்ல அஞ்சு, பக்கத்து வீட்ல ஆறுங்கறாங்க.

குழிக்கு 4 என்றால் மொத்தம் 56, 5 என்றால் 70, 6 என்றால் 84. மூன்றுமே வழக்கத்தில் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் 5-இல் தொடங்குங்கள். அடுத்த சுற்றுக்குக் குழி நிரப்பும் கணக்கு ஐந்தைந்தாக வருவதால் குழந்தைக்கும் எளிது. கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் 5 காய்க்கே.

4. ஆட்டத்தை முதல்ல இருந்து ஒருதரம் சொல்லுங்க.

உங்கள் பக்கத்து ஏழு குழியும் உங்களுடையவை. உங்கள் வரிசையில் ஏதாவது ஒரு குழியை முழுதாக அள்ளி, அடுத்த குழியிலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். வரிசை முடிந்ததும் எதிராளியின் வரிசைக்குத் திரும்பிச் சுற்ற வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும், கடைசிக் காய் விழுந்த குழியை அல்ல, அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அந்த அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் வழித்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்து உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அத்தோடு உங்கள் கை, அதாவது உங்கள் முறை, முடிந்தது. காலிக்கு அடுத்ததும் காலி என்றால் ஒன்றும் கிடையாது, எதிராளி ஆடுவார்.

ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். உங்கள் குழிகள் இடமிருந்து வலம் 1 முதல் 7. எதிர் வரிசை 8 முதல் 14 (7-க்கு நேர் எதிரே 8, 1-க்கு நேர் எதிரே 14). 1-ஐ அள்ளினால் 2 முதல் 6 வரை விழும். அடுத்த 7-ஐ அள்ளி 8 முதல் 12 வரை. அடுத்த 13-ஐ அள்ளி 14, 1, 2, 3, 4. அடுத்த 5-இல் இப்போது 6 காய் இருக்கும், அதை 6 முதல் 11 வரை. அடுத்த 12-இலும் 6 காய், அதை 13, 14, 1, 2, 3, 4. இப்போது 5 காலி. அதை வழித்து 6-இல் இருக்கும் 7 காயை எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகையில் இப்போது உங்கள் பக்கம் 2, 8, 8, 8, 0, 0, 1 என்றும், எதிர்ப்பக்கம் 8-ஆம் குழியிலிருந்து 7, 7, 7, 7, 0, 1, 7 என்றும் நிற்க வேண்டும். இல்லையென்றால் வளைவில், அதாவது 7-இலிருந்து 8-க்கோ 14-இலிருந்து 1-க்கோ திரும்பும்போது, ஒரு குழியைத் தாண்டியிருப்பீர்கள். புதியவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் தவறுவது அங்கேதான்.

5. பசுன்னா என்ன? அது யாருக்குச் சேரும்?

ஒரு குழியில் காய் போடும்போது சரியாக 4 ஆனால் அது பசு. உடனே எடுத்துவிட வேண்டும். கவனிக்காமல் ஐந்தாவது விழுந்துவிட்டால் போனது போனதுதான். பசு எடுத்ததும் கை நிற்காது, மீதிக் காயைப் போட்டுக்கொண்டே போகலாம். கடைசிக் காயால் பசு ஆனாலும் அப்படியே: பசுவை எடுத்துவிட்டு அடுத்த குழியை அள்ளுங்கள்.

யாருக்கு என்பதில் இரண்டு கட்சி. எந்த வரிசையில் விழுந்ததோ அந்த வரிசைக்காரருக்கு என்பது ஒன்று, ஆடுகிறவருக்கே என்பது மற்றொன்று. முதல் விதியே ரசமானது. எதிராளி ஆடும்போதும் கண்ணை எடுக்க முடியாது, இருவரும் சேர்ந்தே விளையாடுவது போல் ஆகும். இரண்டாவதில் நீளமாக ஓடும் கை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

5 காய் ஆட்டத்தில் எல்லாக் குழியும் 4-க்கு மேலேயே தொடங்குவதால், ஒருமுறை காலியான குழியில்தான் பசு பிறக்கும். ஆகவே எந்தெந்தக் குழி 2, 3 என்று வளர்கிறது என்று மட்டும் பார்த்துவந்தால் போதும். 4 காய் ஆட்டத்தில் முதலில் வைத்த நாலு பசு ஆகாது, காய் விழுந்து நாலானால்தான் பசு.

6. வழிச்சு எடுத்த பிறகு தொடர்ந்து ஆடலாமா? எதிர்க்குழியும் சேர்த்து எடுக்கறாங்களே?

சில வீடுகளில் எடுத்த குழிக்கு நேர் எதிரே உள்ளதையும் சேர்த்து எடுப்பார்கள். சில வீடுகளில் எடுத்தபின் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார்கள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று கையிலேயே பலகை காலி. பெரியவரும் சிறுவரும் ஆடுவதானால் இரண்டுமே வேண்டாம், 4-இல் சொன்னதே போதும்.

7. கை சுத்திக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. எங்கயோ தப்பா ஆடறமா?

பெரும்பாலும் தப்பில்லை. காய் பலகையில் நிறைய இருக்கும்போது காலிக் குழி குறைவு, அதனால் கை நீளும். ஆட்டம் போகப்போகத் தானாகக் குறுகும். ஆனால் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். கடைசிக் காய் விழுந்த குழியையே அள்ளுகிறீர்களா? அது வேறு ஆட்டத்தின் விதி (14-ஆம் கேள்வியைப் பாருங்கள்). காலிக் குழியில் கடைசிக் காய் விழுந்தாலும் கை நின்றது என்று நினைக்கிறீர்களா? நிற்காது. விழுந்த குழியைப் பொருட்படுத்த வேண்டாம், அடுத்த குழிதான் முடிவு செய்யும்.

ஒரே குழியில் 14 அல்லது அதற்கு மேல் சேர்ந்து அதை அள்ளினால், ஒரு சுற்று சுற்றி அள்ளிய குழிக்கே காய் வரும். அதில் போடுவதா தாண்டுவதா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுப் போவதே குழப்பமில்லாதது.

8. ஒரு சுற்று எப்ப முடியும்? மிச்சம் இருக்கற காய் யாருக்கு?

ஆட வேண்டியவரின் வரிசையில் ஒரு காயும் இல்லையென்றால் சுற்று முடிந்தது. எதிர் வரிசையில் மிச்சம் இருப்பது அந்த வரிசைக்காரருக்கு. ஆகவே கடைசி நேரத்தில் உங்கள் பக்கம் காயைச் சேர்த்து வைப்பது லாபம், எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவது நஷ்டம். சில ஊரில் மிச்சத்தை இருவரும் பாதி பாதியாகப் பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் கடைசி ஐந்தாறு கைக்கு ருசியே இருக்காது.

9. தோத்தவங்க அடுத்த சுற்றுல எப்படி ஆடறது? குழியை மூடறதுன்னா என்ன?

நிறையப் பேர் ஒரு சுற்றோடு எழுந்துவிடுகிறார்கள். உண்மையான ஆட்டம் இரண்டாம் சுற்றில்தான் தொடங்குகிறது. அவரவர் ஜெயித்த காயை வைத்து அவரவர் வரிசையை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். உங்களிடம் 41, எதிராளியிடம் 29 என்று வையுங்கள். நீங்கள் ஏழு குழியும் நிரப்பி 6 காய் கையிருப்பு வைத்துக்கொள்வீர்கள். அவர் ஐந்து குழி நிரப்புவார், 4 காய் கையில் நிற்கும், இரண்டு குழி மூடப்படும். மூடிய குழியில் ஒரு குச்சியை வைத்துவிடுங்கள். எந்த இரண்டை மூடுவது என்பதைத் தோற்றவர் தேர்ந்துகொள்ளட்டும், அவருக்கு அந்தச் சலுகையாவது இருக்க வேண்டும்.

மூடிய குழியில் யாரும் காய் போடக்கூடாது, தாண்டிப் போக வேண்டும். சண்டை வருவது இன்னொரு இடத்தில்: கையில் உள்ள காய் தீர்ந்து அடுத்தது மூடிய குழியாக இருந்தால், அதைக் காலி என்று வழிக்கலாமா? கூடாது. மூடிய குழி இல்லாத குழி. அதற்கு அடுத்த திறந்த குழியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த சுற்றில் தோற்றவர் கையிருப்போடு சேர்த்து 35 தேற்றினால் எல்லாக் குழியும் திறந்துவிடும். ஒரு குழி நிரப்பவும் 5 காய் இல்லாத நிலையில் தோல்விதான். சில வீடுகளில் அதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்து, குழிக்கு ஒவ்வொரு காயாக வைத்து ஆடவிடுவார்கள். அதைக் கஞ்சி காய்ச்சுவது என்பார்கள்.

10. முதல்ல ஆடறவங்களுக்குத்தான் லாபமாமே?

முதல் கையில் எந்தக் குழியை அள்ளினாலும் கிடைப்பது 7 காய்தான். எல்லாக் குழியிலும் சமமாக இருப்பதால், எங்கே தொடங்கினாலும் 4-ஆம் கேள்வியில் போட்ட அதே ஓட்டம் சில குழி தள்ளி நடக்கும். 6 காய் ஆட்டத்திலும் முதல் கைக்கு 7-தான், அங்கே இரண்டே அள்ளலில் முடிந்துவிடும். எனவே முதல் கையில் எவ்வளவு வரும் என்று யோசிப்பது வீண். காயை எங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

4-ஆம் கேள்வியின் முடிவில் பலகை நின்ற நிலையைப் பாருங்கள். எதிராளி 13-ஆம் குழியின் ஒற்றைக் காயை எடுத்து 14-இல் போடுகிறார். அடுத்த 1-இல் உள்ள 2 காய் 2, 3-க்குப் போகிறது. அடுத்த 4-இல் உள்ள 8 காய் 5 முதல் 12 வரை விழுகிறது. அடுத்த 13 காலி, வழித்து 14-இல் உள்ள 8 காயை எடுக்கிறார். உங்கள் 7-க்கு அவருக்கு 8. அற்பமாகத் தெரியும் ஒற்றைக் காய் செய்யும் வேலை இது.

நீங்கள் 1-க்குப் பதில் 3-ஆம் குழியில் தொடங்கியிருந்தால் அந்த ஒற்றைக் காய் உங்கள் 1-ஆம் குழியிலேயே நின்றிருக்கும். ஆனால் இன்னொரு ஒற்றைக் காய் அவருடைய 9-ஆம் குழியில் நிற்கும். இரண்டில் எது மேல் என்று பலகையில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியும் சுற்றுக்குச் சுற்று முதல் கையை மாற்றிக்கொள்வது நியாயம்.

11. எடுக்கறதுக்கு முன்னால குழியைத் தொட்டு எண்ணலாங்களா?

பார்த்து எண்ணலாம். கையால் கிளறி எண்ணுவதைப் பல வீடுகளில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், தொட்டால் அள்ள வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் தளர்த்துங்கள். எண்ணிக்கை பழகத்தானே அவர்களை உட்கார வைக்கிறோம்.

எண்ணுவதில் ஒரு சுருக்கு வழி: குழியில் உள்ள காயோடு ஒன்றைக் கூட்டி, அந்தக் குழி எண்ணோடு சேர்த்தால் அடுத்து அள்ள வேண்டிய குழி வரும். 3-ஆம் குழியில் 5 காய் என்றால் 3 + 5 + 1 = 9. கூட்டல் 14-ஐத் தாண்டினால் 14-ஐக் கழியுங்கள். மூடிய குழி இருக்கும் சுற்றில் இது பலிக்காது.

12. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடக்காரங்க, தெலுங்குக்காரங்க ஆடறது வேற ஆட்டமா?

பலகை ஒன்றே. கன்னடத்தில் அளகுளி மணெ, தெலுங்கில் வாமன குண்டலு என்பார்கள், இரண்டிலும் 14 குழிதான். கன்னட, தெலுங்கு வீடு என்று பார்ப்பதைவிட, குழிக்கு எத்தனை காய், பசு யாருக்கு, எதிர்க்குழி உண்டா, மிச்சம் யாருக்கு என்ற நாலையும் கேட்டுவிட்டு உட்காருங்கள். மங்களூர்ப் பக்கத்துத் துளு வீடுகளில் இதே பலகை சென்னெமணெ, அங்கே குழிக்கு 4 வீதம் 56 காய். இலங்கைச் சிங்களரிடம் ஒலிந்த கெலிய. ஒலிந்த என்பது நம் குன்றிமணிதான்.

13. காசிப் பாண்டி, சீதைப் பாண்டின்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

காசிப் பாண்டியில் இரு வரிசையின் நடுக்குழியும் காசி. ஆடும் ஒரு முறை இது: மற்ற 12 குழிக்கும் 12 வீதம், காசிக்கு ஒவ்வொன்று, ஆக 146 காய். காசியில் காய் போடலாம், ஆனால் அதை அள்ளி ஆடக்கூடாது. அது சேர்ந்துகொண்டே இருக்கும். வழித்து எடுக்கும் இடமாகக் காசி அமைந்தால் மொத்தமும் ஆடுகிறவருக்கு. ஒரே கையில் ஆட்டம் தலைகீழாகும் என்பதால் பெரியவர்களுக்குப் பிடிக்கும். நேரம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

சீதைப் பாண்டி தனி ஆள் ஆடுவது. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியதாகச் சொல்லும் வழக்கு. ஓர் அமைப்பு: உங்கள் வரிசையில் இடமிருந்து 7, 6, 5, 4, 3, 2, 1 என்று 28 காயை வைத்து, எதிர் வரிசையைக் காலியாக விடுங்கள். 7 உள்ள குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டால், அதே 7, 6, 5, 4, 3, 2, 1 ஒரு குழி முன்னே தள்ளி நிற்கும். மறுபடி 7-ஐ அள்ளுங்கள். 14 அள்ளலில் பலகையைச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். வரிசை கலைந்தால் எங்கோ ஒரு காய் தவறியிருக்கிறது. கைப்பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

14. போன்ல மன்கலான்னு ஒரு ஆட்டம் இருக்கே, அது நம்ம பல்லாங்குழிதானா?

உறவுதான், ஒன்றல்ல. போனில் பெரும்பாலும் வருவது கலஹா. வரிசைக்கு 6 குழி, இரு முனையிலும் பெரிய சேமிப்புக் குழி, பெரும்பாலும் குழிக்கு 4 காய். 1940-களில் அமெரிக்காவில் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் உருவாக்கியது. குழிக்கு 4 காய் கலஹாவில் தவறில்லாமல் ஆடினால் முதல் கைக்காரருக்கே வெற்றி என்று 2000-இல் கணினியால் கணக்கிட்டுவிட்டார்கள்.

மலேசியாவின் சொங்காக், பிலிப்பைன்ஸின் சுங்கா இரண்டும் நம்மைப்போல் 7 குழி வரிசை, கூடவே சேமிப்புக் குழி, 98 காய். அங்கே கடைசிக் காய் விழுந்த குழியையே அள்ளித் தொடர்வார்கள். 7-இல் சொன்ன குழப்பம் பெரும்பாலும் இப்படி வெளியூர் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களிடம் வருகிறது. கானாவின் ஓவாரே 12 குழி, 48 காய். கடைசிக் காய் எதிராளியின் குழியில் விழுந்து 2 அல்லது 3 ஆனால் எடுக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் பாவோவில் 8 குழி வீதம் நாலு வரிசை. கஜகஸ்தானில் வரிசைக்கு 9 குழி, 162 காய். அந்த ஆட்டம் கிர்கிஸ், துருக்கிய உறவுகளோடு 2020-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது.

15. அக்கா தங்கச்சி எதிரெதிரா உக்காந்து ஆடக்கூடாதாமே, நெசமா?

அது துளு நாட்டு நம்பிக்கை. அங்கே பாடப்படும் சிரி என்ற பெண்ணின் கதையில் அப்பக, தாரக என்ற இரட்டைச் சகோதரிகள் சென்னெ ஆடும்போது சண்டை வந்து, மணையாலேயே ஒருத்தி மற்றவளை அடித்துக் கொல்ல, அடித்தவளும் உயிரை விடுகிறாள். அதனால் அங்கே சகோதரிகள் எதிரெதிரே ஆடுவதைத் தவிர்ப்பார்கள். எல்லை ஒட்டிய ஊர்களில் அந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கலாம். ஆடுவதும் விடுவதும் உங்கள் வீட்டு விருப்பம்.

16. கடைசியில எண்ணினா 70 வரல, 68தான் இருக்கு. என்ன பண்றது?

முதலில் பலகையின் கீல் இடுக்கையும் ஆடியவர்களின் மடியையும் பாருங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு புதுக்கொட்டை போட்டு 70 ஆக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் ஐந்தைந்தாகப் பிரியாது. யார் கணக்கில் சேர்ப்பது? குறைவாக ஜெயித்தவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். ஒற்றை எண்ணில் குறைந்தால் மீதி ஒன்று குறைவாக ஜெயித்தவருக்கு. 70-க்கு மேல் வந்தால் உடைந்த கொட்டையை இரண்டாக எண்ணியிருப்பீர்கள், உடைசலைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் இருவர் கையிலும் இருப்பதை உரக்கக் கூட்டிச் சொல்லிவிட்டால் எந்தச் சுற்றில் தொலைந்தது என்றாவது தெரியும்.